நாலு வருஷத்தில் பதினொரு தடவை இழுத்த லிவர்

ஆவணி பிறந்ததும் வண்டி எடுத்துவிட வேண்டும் என்று என் மச்சினன் ஆடி மாசம் முழுக்க ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கினான். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, அபார்ட்மெண்ட் வீடு, மாசத்துக்கு ரெண்டு தடவை பொள்ளாச்சிப் பக்கம் அப்பா அம்மாவைப் பார்க்கப் போவது, வருஷத்துக்கு ஒரு ஊட்டி. இதுதான் அவன் ஓட்டம். ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்குப் போன் அடித்தான்.

"மாமா, ஃபோர் பை ஃபோரே எடுத்தறலாமுங்களா? ரெண்டு வீல் எடுத்துட்டு நாளைக்கு எங்கியாச்சும் மாட்டிக்கிட்டா?"

என்னிடம் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. நாலு வருஷமாக நான் ஓட்டுவது ஃபோர் பை ஃபோர், அதாவது நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி போகும் வண்டி (அவன் சொன்ன ரெண்டு வீல் பைக் இல்லை, ரெண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் கார்). டேஷ்போர்டு டப்பாவில் ஒரு சின்ன நோட்டு கிடக்கும், டீசல் கணக்கு எழுத. அதன் கடைசிப் பக்கத்தில் வேறொரு கணக்கும் இருக்கிறது: நாலு சக்கர இழுவையைப் போடுவதற்காகக் கியர் லிவருக்குப் பக்கத்தில் நிற்கும் அந்தக் குட்டி லிவரை எந்தெந்தத் தேதியில், எதற்காக இழுத்தேன் என்று. மாசம் ஒருமுறை ஆயில் ஓடட்டும் என்று மண் ரோட்டில் கொஞ்ச தூரம் போட்டு ஓட்டுவதை அதில் சேர்ப்பதில்லை. 52,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மொத்தம் பதினொரு தடவை.

அந்தப் பதினொன்றைப் பிரித்துப் பார்த்தால் இன்னும் வெட்கம். நாலு தடவை யாருக்காவது காட்டுவதற்காக ("இதைப் போட்டா நாலு சக்கரமும் இழுக்கும், பாரு"). ரெண்டு தடவை மாட்டிக்கொண்ட அடுத்தவர் வண்டியை இழுத்துவிட. ஒரு தடவை தனுஷ்கோடி மணல். மிச்சம் நாலு. அந்த நாலில் மூன்று ஒரே இடம்: மெயின் ரோட்டிலிருந்து மாமனார் தோப்புக்குள் போகும் வண்டித்தடம். அதன் நீளம் முந்நூறு அடி இருந்தால் அதிகம்.

இதைச் சொன்னால் அவன் உடனே ரெண்டு வீல் எடுத்துவிடுவான் என்று நினைத்தேன். இல்லை. "அப்ப மழையில, மலையில எல்லாம் சேப்டி இல்லீங்களா?" என்றான். நம் ஊரில் பாதிப் பேர் இந்த ஒரு எண்ணத்துக்காகத்தான் ஃபோர் பை ஃபோருக்குக் காசு கொடுக்கிறார்கள், அதனால் முதலில் அதை உடைத்துவிடுகிறேன்.

எந்த வண்டியாக இருந்தாலும் பிரேக் நாலு சக்கரத்துக்கும்தான். எந்த வண்டியும் திரும்புவது முன்சக்கரத்தின் பிடிமானத்தை நம்பித்தான். நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி போவதால் ஒரு அடி முன்னதாக வண்டி நிற்கப்போவதில்லை; சொல்லப்போனால் கூடுதல் ஷாஃப்ட், முன் அச்சுக்குக் கூடுதல் கிரவுன் பல்சக்கரம், முன்னும் பின்னும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று எடை ஏறியிருப்பதால் நிற்கத்தான் கொஞ்சம் கஷ்டம். நாலு சக்கரமும் இழுப்பதால் கிடைக்கும் ஒரே லாபம் நகர்வது. நின்ற இடத்திலிருந்து கிளம்புவது, வழுக்கும் மேட்டில் ஏறுவது, அவ்வளவுதான். மழையில் அவினாசி ரோட்டில் நூறில் போய்விட்டுப் பிரேக் போடும்போது அந்த லிவர் உங்களுக்கு எதுவும் செய்யாது. அப்போது கை கொடுப்பது டயர், பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏபிஎஸ், அப்புறம் உங்கள் கால்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை வாங்கும்போது யாரும் விளக்கிச் சொல்வதில்லை. என் வண்டி மாதிரி லிவர் வைத்த பழைய பாணி ஃபோர் பை ஃபோரை உலர்ந்த தார் ரோட்டில் போடவே கூடாது. முதல் வருஷம் தோப்பிலிருந்து வந்தவன் லிவரைத் திருப்பிப் போட மறந்துவிட்டேன். நேர் ரோட்டில் ஒன்றும் தெரியவில்லை. பெட்ரோல் பங்கில் வளைத்துத் திருப்பும்போதுதான் ஸ்டியரிங் கல் மாதிரி இறுகியது, வண்டி ஹேண்ட் பிரேக் போட்ட மாதிரி முண்டியது, கீழே இருந்து 'டக் டக்' என்று ஒரு சத்தம், முன்டயர் ரெண்டும் தரையைச் சுரண்டிக்கொண்டு துள்ளின. டீசல் போடும் பையன், "அண்ணா, ஃபோர் வீல் போட்டிருக்கீங்க போல" என்றான். அவனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

காரணம் ஒன்றும் பெரிய சூத்திரம் இல்லை. வண்டி வளையும்போது முன்சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின்சக்கரங்கள் சின்ன வட்டத்திலும் போகின்றன, அதாவது முன்பக்கம் அதிக தூரம் ஓட வேண்டும். லிவரைப் போட்டால் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டு ஒரே வேகத்தில்தான் சுற்றும். சேற்றில் என்றால் ஏதாவது ஒரு டயர் லேசாக வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். தாரில் டயர் வழுக்காது, அதனால் முறுக்கம் எல்லாம் உள்ளே பல்சக்கரங்களில் ஏறும். தொடர்ந்து அப்படியே ஓட்டினால் செலவு பெரிதாக வரும். ஆல் வீல் டிரைவ் என்று விற்கிறார்களே, அதில் இந்தத் தொல்லை இல்லை. பெரும்பாலும் ரெண்டு சக்கரத்தில் ஓடிக்கொண்டிருந்துவிட்டு, வழுக்கல் தெரிந்தால் நடுவில் இருக்கும் கிளட்ச் தானாக அடுத்த ரெண்டுக்கும் சக்தியை அனுப்பும். தாரிலும் ஓட்டலாம். ஆனால் அதில் பெரும்பாலும் ஃபோர் லோ இருக்காது. ஃபோர் லோ என்பது வேகத்தைக் குறைத்து இழுவையைப் பல மடங்கு ஏற்றும் கியர். வண்டி நத்தை மாதிரிதான் நகரும், ஆனால் மரத்தின் வேரைக்கூட ஆட்டிவிடும்.

சரி, மலைக்கு வருவோம். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. கொல்லிமலைக்கு 70. தினமும் அதில் யார் ஏறி இறங்குகிறார்கள்? அரசு பஸ். கூரை ஒழுகும், கண்ணாடி தடதடவென்று ஆடும், படிக்கட்டு வரை ஆள் நிற்கும், இழுப்பது என்னவோ பின்சக்கரம் மட்டும்தான். அந்த டிரைவர் அண்ணன்கள் மழையிலும் பனிமூட்டத்திலும் ஒரு கையால் ஹாரனை அடித்துக்கொண்டே போகிறார்கள். தார் போட்ட மலைப்பாதைக்கு ஃபோர் பை ஃபோர் வேண்டும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு தடவை கூட்டிப்போங்கள். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடி இறங்கும் 36 வளைவில் வண்டிகள் கவிழ்ந்தது பெரும்பாலும் ஏற முடியாமல் அல்ல, இறங்கும்போது பிரேக் சூடாகிப் பிடிக்காமல். அங்கே தேவைப்பட்டது முதல் கியரும் பொறுமையும்.

பனிக்கொட்டும் ஊர்க்காரர்கள் சொல்வதைக் கேட்டு நாம் குழம்புகிறோம் என்று நினைக்கிறேன். யூடியூபில் கனடாக்காரர் பேசுவது அவர் ஊருக்குச் சரி. நம் நாட்டிலேயே மணாலியில் பனி கொட்டினால் சோலாங் பக்கம் ஃபோர் பை ஃபோரை மட்டும்தான் மேலே விடுவார்கள். அது நியாயம். பல்லடம் ரோட்டில் என்ன பனி?

இந்தச் சண்டையில் எல்லோரும் மறந்துவிடும் விஷயம் ஒன்று உண்டு. ரெண்டு வீல் டிரைவ் என்பதே ஒன்றல்ல, ரெண்டு. முன்சக்கரம் இழுப்பது ஒன்று, பின்சக்கரம் தள்ளுவது ஒன்று. அம்பாசடர் பின்சக்கரம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோதுதான் முன்சக்கர இழுவை நம் தெருவுக்குள் பெரிய அளவில் நுழைந்தது. இன்றைக்குச் சின்ன கார்கள் கிட்டத்தட்ட எல்லாமே முன்சக்கரம். பொலிரோ, ஈக்கோ, இன்னோவா கிரிஸ்டா பின்சக்கரம். இன்னோவாவிலேயே பிறகு வந்த ஹைகிராஸ் முன்சக்கரம். தட்டையான ரோட்டில் இது உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஏழு பேரையும் லக்கேஜையும் ஏற்றிக்கொண்டு செங்குத்தான மேட்டில் நின்று கிளம்பும்போது தெரியும். எடை எல்லாம் பின்னால் சாயும், மூக்கு லேசாகத் தூக்கும், முன்சக்கரத்துக்குத் தரையில் அழுத்தம் குறையும். ஈரமாக இருந்தால் நின்ற இடத்திலேயே சுற்றும். பின்சக்கர வண்டிக்கு அதே எடை உதவி.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால், மழைக்குப் பேர்போன சின்னக்கல்லாறு பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவுக்கு நண்பனின் சின்ன காரில் போனோம் (என் வண்டி அன்றைக்கு சர்வீஸில் கிடந்தது, இதைவிடப் பொருத்தமான நாள் அமையாது). கடைசி மேடு கல் பாவிய ரோடு, மேலே பாசி, மழை தூறிக்கொண்டே இருக்கிறது. மூன்று தடவை முயன்றான். பாதி ஏறும், முன்டயர் ரெண்டும் 'விர்' என்று சுற்றும், கிளட்ச் வாசம் வண்டிக்குள் ஏறும், பின்னால் வழுக்கி வரும். நாங்கள் இறங்கித் தள்ளியும் பார்த்தோம். மேலே இருந்து ஒரு எஸ்டேட் டிரைவர் குடையோடு இறங்கி வந்தார். ஐம்பத்தைந்து வயசு இருக்கும். வண்டியை ஒரு சுற்றுப் பார்த்தார். "முன்னாடி இழுக்கிற வண்டிங்களா?" என்று கேட்டுவிட்டு, குடையை என்னிடம் கொடுத்தார், கீழே தட்டையான இடத்தில் வண்டியைத் திருப்பினார், ரிவர்ஸ் போட்டார், கழுத்தைத் திருப்பிக்கொண்டு பின்பக்கமாகவே அந்த மேட்டை ஏறிப் போய்விட்டார். ஒரு தடவைகூட டயர் சுற்றவில்லை.

யோசித்துப் பார்த்தால் எளிது. பின்பக்கமாக ஏறும்போது மூக்கு பள்ளத்தைப் பார்த்து இருக்கிறது, எடை எல்லாம் முன்சக்கரத்தின் மேல், அதுதான் இழுக்கும் சக்கரம். ரிவர்ஸ் கியரும் நல்ல இழுவை உள்ள கியர். அன்றைக்கு நாங்கள் மூன்று என்ஜினியர்கள் அந்த வண்டியில் இருந்தோம் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

ஃபோர் பை ஃபோர் என்றால் மாட்டவே மாட்டாது என்பதும் பொய்தான். ஒரு அச்சின் ரெண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பங்கிடும் டிஃபரன்ஷியல் இருக்கிறதே, அது மடை மாதிரி, எந்தப் பக்கம் தடை குறைவோ அந்தப் பக்கம் சக்தியைத் திறந்துவிடும். அதனால்தான் ரெண்டு வீல் வண்டியில் ஒரு சக்கரம் சேற்றில் இறங்கினால் அது மட்டும் வெறித்தனமாகச் சுற்றும், கெட்டித் தரையில் இருக்கும் இன்னொன்று சும்மா வேடிக்கை பார்க்கும். ஃபோர் வீல் போட்டாலும், குறுக்காக ஒரு முன்சக்கரமும் ஒரு பின்சக்கரமும் பிடிமானம் இழந்தால் கதை அதேதான். ரெண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டும் டிஃபரன்ஷியல் லாக் இருந்தாலோ, சுற்றும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுக்கும் எலக்ட்ரானிக் ஏற்பாடு இருந்தாலோதான் தப்பலாம். இந்த எலக்ட்ரானிக் ஏற்பாடு இப்போது ரெண்டு வீல் வண்டிகளிலும் வருகிறது, வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

நான் சொன்ன தனுஷ்கோடி விஷயமும் இதுதான். அரிச்சல்முனை வரைக்கும் 2017ல் தார் ரோடு வந்துவிட்டது. அதற்கு முன்னால் வண்டியை விட்டுவிட்டு மணலில் ஜீப்பிலோ வேனிலோ போக வேண்டும். ரோடு வந்த பிறகு போன நான், ரோட்டோரம் நிறுத்தலாம் என்று நாலடி ஒதுங்கினேன், மணல் வாங்கிவிட்டது. ஃபோர் ஹை (வேகம் குறைக்காத சாதாரண நாலு சக்கர இழுவை) போட்டேன், இன்னும் இறங்கியது. ஃபோர் லோ போட்டேன், வண்டி வயிறு தரையில் உட்காரும் அளவுக்குப் போனது. மீன் கூடையோடு போன ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "டயர்ல காத்தை இறக்கிவிடுங்க, ஏறிரும்" என்றார். 32லிருந்து 18 வரை இறக்கினேன். டயர் அகலமாகப் படுத்தது, ரெண்டாவது முயற்சியில் வெளியே வந்துவிட்டோம். அன்றைக்கு வேலை செய்தது லிவரா காத்தா என்று இன்றைக்கும் என் மனைவி கேட்பாள்.

கரிசல் மண் இதைவிட மோசம். காய்ந்திருந்தால் சிமெண்ட் தரை, நல்ல மழை பெய்தால் பசை. டயரின் பள்ளங்களில் அப்பிக்கொள்ளும், பத்தடி போவதற்குள் நாலு டயரும் மொட்டை டயர் மாதிரி ஆகிவிடும். நாலு மொட்டை டயரை வைத்துக்கொண்டு இன்ஜின் என்ன செய்யும்? டெல்டாப் பக்கம் சேறடிக்கும் டிராக்டர்காரர்களுக்கு இது அத்துப்படி. அதனால்தான் பின்சக்கரத்தில் இரும்பு கேஜ் வீல் மாட்டிக்கொண்டு வயலில் இறங்குகிறார்கள். அறுவடைக்கும் வயல் ஈரமாக இருந்தால் டயர் வண்டி வேண்டாம், பெல்ட் வண்டி கொண்டுவா என்பார்கள். எத்தனை சக்கரம் இழுக்கிறது என்பதைவிடத் தரையை எது தொடுகிறது என்பதுதான் அவர்கள் கணக்கு. காருக்கும் அதுவே என் கணக்கு. தேய்ந்த டயரோடு இருக்கும் ஃபோர் பை ஃபோரைவிட நல்ல டயர் போட்ட ரெண்டு வீல் வண்டியைத்தான் மழைக்காலத்தில் நம்புவேன்.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. கோயம்புத்தூரில் லங்கா கார்னர் பாலத்தடியில் தண்ணீர் நின்றால் ஜம்பமாக இறங்குவது பெரும்பாலும் பெரிய வண்டிக்காரர்கள்தான். எவ்வளவு ஆழத்துக்கு வண்டி போகும் என்பது இன்ஜின் காற்று இழுக்கும் குழாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது, எத்தனை சக்கரம் இழுக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல. அந்தக் குழாய் வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் போனால், காற்றைப் போலத் தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னைக்காரர்கள் பட்டது தெரியும்தானே. மிதக்க ஆரம்பித்துவிட்டால் நாலு சக்கரமும் தரையில் இல்லை, அப்புறம் என்ன ஃபோர் வீல்.

இப்போது காசு. மஹிந்திரா தார் இதற்கு நல்ல உதாரணம், ஏனென்றால் ஒரே வண்டி ரெண்டு விதமாகவும் கிடைக்கிறது. 2020ல் புது தார் வந்தபோது எல்லாமே ஃபோர் பை ஃபோர். 2023 ஜனவரியில் பின்சக்கர வண்டியைக் கொண்டுவந்தார்கள், டீசலில் 1.5 லிட்டர் இன்ஜின், ஆரம்ப விலை 10 லட்சத்துக்கு ஆயிரம் ரூபாய் குறைவு. இந்த விலை வித்தியாசம் முழுக்க அந்த லிவருக்கும் ஷாஃப்டுக்கும் உள்ள விலை இல்லை. நாலு மீட்டருக்குள் நீளமும் 1,500 சிசிக்குள் டீசலும் என்றால் சின்ன கார் வரி. 2025 செப்டம்பர் 22லிருந்து அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி, 2.2 லிட்டர் டீசல் ஃபோர் பை ஃபோருக்கு 40 சதவீதம். அதன் மேல் நம் மாநில ரோடு டாக்ஸ் வேறு, வண்டி விலை ஏற ஏற அதன் சதவீதமும் ஏறும். ஆக வரி மேல் வரியாக ஏறி, வருஷத்துக்கு மூன்று தடவை இழுக்கும் லிவருக்காக லட்சக்கணக்கில் கொடுக்கிறோம். பராமரிப்பில் முன் கிரவுன் ஆயில், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில் கூடுதல். இதே மாதிரி வண்டியை ரெண்டு வீலில் வைத்திருக்கும் நண்பனுக்கு என்னைவிட லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் அதிகம் கொடுக்கிறது.

மச்சினனிடம் கடைசியாக ஒரே கேள்விதான் கேட்டேன். "ராத்திரி உன் வண்டி நிற்கிற இடத்துக்கும் தார் ரோட்டுக்கும் நடுவுல என்ன இருக்குது?"

"ஸ்பீடு பிரேக்கருங்க மாமா."

அப்புறம் என்ன. எஸ்டேட்டில் வேலை, மலைக்காட்டில் வீடு, மழைக்காலத்தில் தினமும் மண் ரோடு என்று இருப்பவர்கள் யாரையும் கேட்கத் தேவையில்லை, ஃபோர் பை ஃபோர் எடுங்கள், ஃபோர் லோவோடு எடுங்கள். காட்டுப்பாதையில் சுற்றுவதே பொழுதுபோக்கு என்றாலும் சரி, ஆசைக்குக் கணக்குப் பார்க்க முடியாது, நானே அப்படி வாங்கியவன்தான். மறுபடி வாங்கினாலும் அதையே வாங்குவேன். அதைத் தேவை என்று சொல்லி வீட்டில் ஏமாற்ற மாட்டேன், அவ்வளவுதான் (ஏமாற்றியும் பயனில்லை, நோட்டை அவள் படித்துவிட்டாள்).

வரி குறையப் போகிறது என்று செய்தி வந்ததும் ஆவணியைத் தாண்டிக் காத்திருந்து, ஆயுத பூஜைக்கு ரெண்டு வீல் வண்டி எடுத்தான். மிச்சப்பட்ட காசில் நாலு நல்ல டயர் மாற்றச் சொன்னேன், கேட்கவில்லை, பாட்டுப் பெட்டி மாற்றினான்.

தீபாவளிக்கு எல்லோரும் தோப்பில் கூடினோம். முதல் நாள் ராத்திரி நல்ல மழை. நான் லிவரைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன், நோட்டில் பன்னிரண்டாவது. அரை மணி நேரம் கழித்து வந்தவன் பாதித் தடத்தில், வாய்க்கால் கடக்கும் இடத்தில் இறங்கிவிட்டான். பின்சக்கரம் சுற்றச் சுற்றச் சேறு கதவு வரைக்கும் தெறித்தது. நான் கயிறு தேடிக்கொண்டிருந்தேன், அவன் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு தென்னை மட்டையை டயருக்கு அடியில் செருகிக்கொண்டிருந்தான். அப்போது மாமனார் டிவிஎஸ் எக்ஸெல்லில் பின்னால் ரெண்டு மூட்டை தேங்காயைக் கட்டிக்கொண்டு வந்தார். எங்கள் ரெண்டு பேரையும் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் வரப்பு மேல் ஏற்றி, ரெண்டு காலையும் தரையில் உதைத்து உதைத்து, அந்த ஒற்றைச் சக்கர இழுவையில் எங்களைத் தாண்டிப் போய்விட்டார்.